என்டி ஃபில்டரும் டர்பன் கடலும்: நீண்ட எக்ஸ்போஷர் படங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். அதில் மிகவும் கறுப்பான பத்து ஸ்டாப் ஃபில்டரைப் புதிதாக வாங்கியவர்களின் கடல் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கீழே வெள்ளைப் புகை, மேலே இழுபட்ட மேகம், நடுவில் ஒரு பாறை. மோசமான படம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது டர்பன் பக்கத்து உம்ஷ்லாங்காவா, சென்னை மெரினாவா என்று கேட்டால் எடுத்தவருக்கே சொல்லத் தெரியாது. தப்பு ஃபில்டர்மேல் இல்லை. எத்தனை நொடி வேண்டும் என்று யோசிக்காமல், ஃபில்டர் எத்தனை நொடி கொடுக்கிறதோ அதை அப்படியே வாங்கிக்கொள்வதால் வருவது அது.

அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். முதலில் நொடி, அப்புறம் ஃபில்டர், கடைசியில்தான் கேமரா. தென்னாப்பிரிக்காவின் டர்பனையும் அதைச் சுற்றியுள்ள குவாசூலு-நட்டால் மாகாணக் கரையையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. நீண்ட எக்ஸ்போஷருக்கு இதைவிடத் தோதான கரை கிடைப்பது கஷ்டம்.

எத்தனை நொடி?

என்டி ஃபில்டர் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தை, நிறம் மாற்றாமல், குறைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அந்த நேரத்தில் அசைவது எல்லாம் கரையும், அசையாதது நிற்கும்.

இந்தியப் பெருங்கடலின் அலை இந்தக் கரைக்குப் பெரும்பாலும் 10 நொடி வாக்கில் ஒருமுறை வருகிறது. இந்த ஒரு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 10 நொடிக்குக் குறைவாகத் திறந்தால் ஒரே ஓர் அலையின் பயணம் படத்தில் விழும். அதற்கு மேல் போனால் இரண்டாவது அலை முதலாவதின் கோட்டை அழிக்கும், மூன்றாவது இரண்டாவதை அழிக்கும். புகை அங்கேதான் பிறக்கிறது.

அரை நொடியில் தண்ணீருக்கு இன்னும் உடம்பு இருக்கும். பாறைகளுக்கு இடையே திரும்பி ஓடும் நுரை நூல் நூலாகத் தெரியும். 1 நொடியிலிருந்து 3 நொடி வரை அந்த நூல்கள் நீண்டு, பார்ப்பவரின் கண்ணைப் பாறையிலிருந்து கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். என்னைக் கேட்டால் கடல் படத்தின் உயிர் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. 15, 30 நொடியில் தண்ணீர் மூட்டமாகிவிடும். கூர்மையான பாறையோ தூணோ முன்னால் இருந்தால் அதுவும் அழகுதான். 2 நிமிடத்துக்கு மேல் போவதெல்லாம் மேகத்துக்காக. கடல் அப்போது வெறும் தரை.

அரை நொடி, 1 நொடி எடுக்கும்போது எப்போது அழுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். அலை வரும்போது அழுத்தாதீர்கள். வந்து, ஏறி, நின்று, திரும்பத் தொடங்குகிற அந்தக் கணத்தில் அழுத்துங்கள். ஏறி வரும் தண்ணீர் குழம்பிய வெள்ளையாக விழும். திரும்பும் தண்ணீர்தான் கோடு போடும்.

உம்ஷ்லாங்காவில் இன்னொரு சங்கதி. டர்பன் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் தொடுவானத்தில் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். பார்க்க அசையாதது போலத்தான் இருக்கும். 4 நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள்; காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவை மெதுவாகத் திரும்புவது தெரியும், ஒவ்வொரு கப்பலும் கசங்கிய கரும்புள்ளியாக விழும். கப்பல் படத்தில் முக்கியம் என்றால் 20, 30 நொடிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த ஃபில்டர்?

கடையில் ஒரே ஃபில்டருக்கு மூன்று விதமான எண் போட்டிருப்பார்கள். குழம்ப வேண்டாம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி. 3 ஸ்டாப் ஃபில்டரை என்டி 8 என்றும் 0.9 என்றும் எழுதுவார்கள். 6 ஸ்டாப் என்றால் என்டி 64, அல்லது 1.8. 10 ஸ்டாப் என்றால் என்டி 1000, அல்லது 3.0. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024 வரும், அதைத்தான் வசதிக்காக 1000 என்கிறார்கள்.

ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருக்கிறது என்றால் 6 ஸ்டாப் வாங்குங்கள். எல்லாரும் 10 என்பார்கள். ஆனால் விடியற்காலைக் கரையில் அரை நொடி முதல் 4 நொடி வரை கொடுப்பது 6 ஸ்டாப்தான். 10 ஸ்டாப் இரண்டாவதாக வரட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் 16 ஸ்டாப், உச்சி வெயிலிலும் நிமிடக்கணக்கில் திறக்கலாம்.

திருகித் திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டி பார்க்க வசதியாகத் தோன்றும். அது உள்ளே இரண்டு போலரைசர் கண்ணாடி, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. வைட் லென்ஸில் அளவை ஏற்றிக்கொண்டே போனால் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறுப்பு நிழல் விழும். வீடியோ எடுப்பவர்களுக்கு நல்லது, கடலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வட்டமாகத் திருகி மாட்டுவதா, சட்டத்தில் செருகும் சதுரக் கண்ணாடியா என்று கேட்டால், தொடங்குபவருக்கு வட்டமே போதும். உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய வாய் எதற்கோ அந்த அளவில், பெரும்பாலும் 77 அல்லது 82 மில்லிமீட்டர், ஒன்று வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். சதுரம் வேகமாகச் செருகி எடுக்க வசதி. ஆனால் கடல் காற்றில் சட்டத்தின் இடுக்கு வழியாக வெளிச்சமும் நீர்த்துளியும் புகும்.

மலிவான கறுப்புக் கண்ணாடிகளில் பெரிய தொல்லை நிறம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். படம் முழுக்க ஒரு செம்பழுப்பு ஏறும், கறுப்புத் துணி கத்தரிப்பூ நிறமாகும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) ஓரளவு சரிசெய்யலாம், முழுக்க முடியாது. வாங்கிய அன்றே ஒரு வெள்ளைச் சுவரை ஃபில்டர் இல்லாமல் ஒன்று, ஃபில்டர் போட்டுக் கணக்குப்படி ஒன்று எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்) ஒப்பிட்டுப் பாருங்கள். 10 என்று எழுதியது பத்தரையாகவும் இருக்கலாம். உங்கள் கண்ணாடியின் உண்மையான எண் தெரிந்தால் அப்புறம் கணக்கு தவறாது.

கிளம்புவதற்கு முன்

டிசம்பரில் டர்பனில் சூரியன் 4:45 வாக்கில் எழும்பிவிடும். ஜூனில் 6:50 ஆகும். படம் பிடிக்க ஏற்ற வெளிச்சம் அதற்கு அரை மணி முன்பே தொடங்குகிறது. கோடையில் தூக்கத்தை மறந்துவிடுங்கள், சோம்பேறிகளுக்குக் குளிர்காலம்.

கடல் ஏற்றமும் வற்றமும் பார்க்க ஆப் இருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ்க் காலண்டர் தொங்கினால் அதுவே பாதி சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் ஏற்றம் ஏறக்குறைய அதிகாலை 3, 4 மணிக்கு, வற்றம் காலை 9, 10 மணிக்கு. ஆக விடியும்போது தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 2 மீட்டரை நெருங்கும். நனைந்து மின்னும் பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும் நேரம் அது. நமக்கு வேண்டியதும் அதுதான். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கதை மாறும். விடியும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் உள்ள வழி அடைபடாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். எந்த நாளாக இருந்தாலும், பாறையில் கால் வைப்பதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று, பெரிய அலை எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இருட்டில் கேமரா பையோடு தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள், அதுவும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு. உம்ஷ்லாங்கா நடைபாதையில் விடியும் முன்பே ஓட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்திலிருந்து திமிங்கல விலா எலும்பு போல வளைந்த தூண்கள் உள்ள பியர் (கடலுக்குள் நீளும் நடைமேடை) வரை ஒரே நடையில் பார்த்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று: டர்பன் கோடையின் ஈரக்காற்று. ஏசி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும். அதன்மேல் ஃபில்டரை மாட்டினால் உள்ளே அடைபட்ட ஆவி போகவே போகாது. பையை டிக்கியில் வைத்து, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துகொண்டு போனால் தொல்லை இல்லை.

ட்ரைபாட்

மணலில் கால்களை நன்றாக அழுத்திப் புதையுங்கள். அப்படியும் ஓர் அலை வந்து அடி மணலை அரித்துப் போகும்போது ட்ரைபாட் மெல்ல அமரும், படம் போய்விடும். அலை தொடும் இடத்தில் 1, 2 நொடிக்கு மேல் எடுக்கவே எடுக்காதீர்கள். நீண்ட நேரம் வேண்டும் என்றால் பாறைக்குப் போங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கேமராவின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடக்கும். பையை ட்ரைபாடில் தொங்கவிடுவதானால் அதன் அடி தரையைத் தொடட்டும். இல்லையென்றால் அது ஆடி ட்ரைபாடையும் ஆட்டும். பியர் மேல் நிற்கிறீர்களா? அலை தூணில் மோதும் அதிர்வு காலுக்கே தெரியும். அங்கேயும் குறைந்த நொடிதான்.

உம்கேனி ஆறு கடலில் விழும் புளூ லகூனில் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கால் ஊன்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “அங்கிள், இங்கே ரெண்டு நிமிஷம் நிக்கலாமா?” என்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை. “நில்லு தம்பி, லைன்ல மட்டும் மாட்டிக்காதே” என்பார்கள், அவ்வளவுதான். தூண்டிலோடு அசையாமல் நிற்கும் மனிதரும் பின்னால் கரையும் தண்ணீரும் 1 நொடிப் படத்தில் எவ்வளவு பொருந்தும் என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படம் எடுக்கும் வரிசை

1. ஃபில்டர் இல்லாமல் படத்தை அமையுங்கள். ரா ஃபைல், ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 அல்லது எஃப் 11. நேரம் கூட்டுவதற்காக எஃப் 22க்குப் போகாதீர்கள். ஒளி விளிம்பில் சிதறிப் படம் மழுங்கும், சென்சாரில் உள்ள தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஃபில்டர் வாங்கியதே அதைத் தவிர்க்கத்தான்.

2. ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பல கேமராக்களால் ஃபோகஸ் பிடிக்க முடியாது. பட்டனை அழுத்தியதும் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். லென்ஸில் அசைவுத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

3. ஃபில்டர் இல்லாமல் ஒரு சோதனைப் படம். ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தால் அந்த ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கணக்கு. 6 ஸ்டாப் என்றால் 64ஆல், 10 ஸ்டாப் என்றால் 1000ஆல் பெருக்குங்கள். சோதனைப் படம் 1/60 என்றால் 6 ஸ்டாப்பில் 1 நொடி, 10 ஸ்டாப்பில் 17 நொடி. இன்னும் இருட்டாக இருந்து 1/15 வந்தால் 4 நொடி, அல்லது 67 நொடி. நீங்கள் நினைத்த நொடி வரவில்லையா? அப்பர்ச்சரைக் கொஞ்சம் மாற்றுங்கள், ஐஎஸ்ஓவை 200 ஆக்குங்கள், இல்லை ஃபில்டரை மாற்றுங்கள். சூரியன் எழும்புவதற்கு முன்பு எந்த ஃபில்டரும் இல்லாமலே 2 நொடி கிடைக்கும். அப்போது பையிலேயே இருக்கட்டும்.

5. ஃபில்டரை மாட்டுங்கள். லென்ஸைக் கையால் பிடித்துக்கொண்டு திருகுங்கள், ஃபோகஸ் வளையம் நகரக்கூடாது. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அந்த வழியாகப் புகுந்து படத்தின் நடுவே கறை போடும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் அந்தக் கவலை இல்லை.

6. 30 நொடி வரை சாதாரண மேனுவல் போதும். அதற்கு மேல் பல்ப் மோடும் (நீங்கள் நிறுத்தும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) ரிமோட்டும். ரிமோட் இல்லையென்றால் 2 நொடி டைமர், ஆனால் அது பல்புக்கு உதவாது.

7. எடுத்ததும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள். இருட்டில் திரை எல்லாவற்றையும் பிரகாசமாகவே காட்டும்.

இந்த வரிசையில் கணக்கு ஓரிடத்தில் மட்டும் காலை வாரும். விடியும்போது வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறது. கணக்குப்படி 2 நிமிடம் என்று தொடங்கினால், முடிவதற்குள் வானம் மாறி, தொடுவானம் வெளுத்துவிடும். காலையில் கணக்கு சொல்வதைவிடக் கால் பங்கு குறையுங்கள். அந்தியில் அதே அளவு கூட்டுங்கள். அதேபோல் மூன்று நிமிடத்துக்கு முன் எடுத்த சோதனைப் படத்தை நம்பி அடுத்த படத்துக்குப் போகாதீர்கள், மறுபடி அளந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. என்டி ஃபில்டர் வழியாக ஆப்டிகல் வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணாடி கறுப்பாக இருப்பதால் கண் கூசாது, ஆனால் அகச்சிவப்பு உள்ளே வந்துகொண்டே இருக்கும். கண் சுடும், வலிக்காது.

கடல் அல்லாத இடங்கள்

டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஹோவிக் அருவியின் உயரம் 95 மீட்டர். மேலே இருக்கும் பார்வை மேடையிலிருந்தே எடுக்கலாம். 10 ஸ்டாப் போட்டு 30 நொடி திறந்தால் கிடைப்பது பாறையில் ஒட்டிய வெள்ளைத் துணி. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நடுவில் பிரிவதும், ஓரத்தில் இழை இழையாக உடைவதும் கால் நொடி, அரை நொடியில்தான் தெரியும். பக்கத்து மரக்கிளைகளும் அதில் அவ்வளவாக ஆடாது. போலரைசர் போட்டால் ஈரப் பாறையின் பளபளப்பும் குறையும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் குறையும். மேகமூட்டமான நாளில் அதுவே போதும்.

டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் குளிர்காலத்தில் கரும்பு பூக்கும். 1860 முதல் இந்தியாவிலிருந்து நம் முன்னோர்கள் வந்து உழைத்த தோட்டங்கள். காலையில் காற்று அடங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் எழும்பும்போது வெள்ளிப் பூக்கதிர்கள் ஒரே பக்கமாகச் சாயும். 1 நொடியிலிருந்து 2 நொடி. பாதை, வேலிக்கம்பம், ஒற்றை மரம் என்று அசையாத ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர் கேமரா ஆடிவிட்டது என்று நினைப்பார்.

கோயில் படத்தில் ஆட்களை மறைக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியும், ஆனால் ஒரு விதி இருக்கிறது. மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓரிடத்தில் நின்றவர் கிட்டத்தட்டத் தெரிய மாட்டார். நடந்துகொண்டே இருப்பவர் காணாமல் போவார். நின்று பேசுபவர் பேயாக நிற்பார். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11க்கு 1/200 என்றால் 10 ஸ்டாப் கொடுப்பது 5 நொடிதான், அதில் யாரும் மறைய மாட்டார்கள். 6ஐயும் 10ஐயும் சேர்த்தால் ஐந்தரை நிமிடம்; அப்போது வளாகம் காலியாகிவிடும்.

புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் இது பலிக்காது, அங்கே நிற்பவர்கள்தான் அதிகம். அன்று மறைக்க முயலாமல் 1 நொடிக்கு வாருங்கள். கோபுரம் நிற்கும், மஞ்சள் சேலைகள் ஒரு மஞ்சள் ஓடையாக வாசலை நோக்கி நகரும். ட்ரைபாட் வைக்க நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வழியை மறைக்காதீர்கள். அருள் வந்தவர்களின் முகத்தைத் தேடிப்போய் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

ட்ரைபாடுக்கு அனுமதி இல்லையா? ஒரு மதிலின் மேல் கேமராவை வைத்து, ஃபில்டர் இல்லாமல் இருபது முப்பது படம் எடுத்து, மென்பொருளில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை எடுப்பது) ஒன்றாக அடுக்கினாலும் நடப்பவர்கள் போய்விடுவார்கள். தண்ணீருக்கும் இதே உத்தி உண்டு, அதற்குச் சராசரி முறை. ஃபோனில் வரும் நீண்ட எக்ஸ்போஷர் வசதியும் உள்ளே செய்வது ஏறக்குறைய இதுதான். அருவிக்கு நன்றாகவே வருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

உப்பு எல்லாவற்றையும் தின்னும். ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள். ஃபில்டரில் உப்புத்துளி காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நனைத்து, அப்புறம் துடையுங்கள். வட்ட ஃபில்டர் லென்ஸோடு இறுகிக்கொண்டால் ஓரிடத்தில் அழுத்தித் திருகாமல், ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிலும் போட்டு மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும்.

நிமிடக்கணக்கான படங்களில் சிவப்பும் நீலமுமாகச் சின்னப் புள்ளிகள் இருக்கும். சென்சார் சூடாவதால் வருவது, டர்பன் கோடையில் கொஞ்சம் அதிகம். கேமராவிலேயே இதற்கு நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கிறது. ஆனால் 4 நிமிடப் படத்துக்கு அது இன்னொரு 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டால், வீட்டில் மென்பொருளில் அதைக் கழித்துவிடலாம். காபி குடிக்கும் நேரத்தில் கேமரா அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.